நேப்பியர் புல்லை எத்தனை நாளில் வெட்டுகிறீர்கள்?

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. பினாங்கு, நிபோங் திபாலில் ஆறு கறவை மாடு வைத்திருக்கிறேன். மழை விடாததால் போன முறை நேப்பியரை 80 நாள் கழித்துத்தான் வெட்டி, நீல டிரம்மில் சைலேஜ் (காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்கவைக்கும் தீவனம்) போட்டேன். வாசனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மாடுகள் இலையைப் பொறுக்கித் தின்றுவிட்டுத் தண்டை ஒதுக்கிவிட்டன; சாணியிலும் நார் நாராகக் கிடந்தது. பாலும் குறைந்தது. முற்றினால் தண்டில் லிக்னின் (மரம்போல் கடினமாக்கும் பொருள்) ஏறி, செரிப்பது குறையும் என்று தெரிந்தும் மாட்டிக்கொண்டேன்.

சரி என்று அடுத்ததை 40 நாளில் வெட்டினேன். இளம்புல்லில் தண்ணீர் அதிகம். டிரம் அடியில் சாறு தேங்கி ஒரே நாற்றம். மாடு முகர்ந்துவிட்டு என்னையே முறைத்தது!

50, 55 நாளில் வெட்டுகிறவர்கள் இருக்கிறீர்களா? இந்த ஈரத்தில் எப்படி வாட்டுகிறீர்கள்? மொலாசஸ் (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) எவ்வளவு கலக்கிறீர்கள்? அடுத்த வெட்டு பத்து நாளில் வருகிறது.