ஒப்பந்தத்துல கையெழுத்து போடுறாங்க, ஆனா சிலதுதான் உள்ள இறங்குது, ஏன்?

யாழினி:
வளரும் நாடுகள் சர்வதேச நெறிகளை எப்படி ஏத்துக்குதுன்னு பரீட்சைக்குப் படிச்சிட்டு இருக்கேன். நோட்ஸ் பூரா வெளிநாட்டு அழுத்தம், நிதி நிபந்தனை இதேதான். ஆனா இந்தியாவையே எடுத்துக்கோங்க, பெண்களுக்கு எதிரான பாகுபாட்ட ஒழிக்கிற ஐநா ஒப்பந்தத்த 1993ல ராட்டிஃபை பண்ணியாச்சு, அதாவது அதுக்குக் கட்டுப்படுறோம்னு முறைப்படி ஏத்துக்கிட்டாச்சு, சித்திரவதைக்கு எதிரான ஒப்பந்தத்துல 1997ல கையெழுத்து மட்டும் போட்டது, இன்னும் ராட்டிஃபை பண்ணல. நாடு ஒண்ணுதானே, அப்புறம் எதுக்கு இந்த வித்தியாசம்?

கதிர்:
அழுத்தம் சும்மான்னு சொல்ல முடியாதுங்க. இலங்கைக்கு ஐரோப்பிய ஒன்றியம் ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகை குடுக்குது, அதுக்கு 27 சர்வதேச ஒப்பந்தங்கள மதிச்சு நடக்கணும். மனித உரிமை விஷயத்துல குறை சொல்லி 2010ல நிறுத்திட்டாங்க, ஆடை ஏற்றுமதிக்கு நல்ல அடி. அப்பவும் அன்னிக்கு இருந்த அரசு அசையல. 2015ல ஜனங்க ஓட்டு போட்டு ஆட்சிய மாத்தின பிறகுதான் பேச்சு நகர்ந்து 2017ல சலுகை திரும்ப வந்துச்சு.

மலர்விழி:
கதிர் சொன்ன கடைசி விஷயத்துலதான் யாழினிக்குப் பதில் இருக்கு. உள்ளூர்ல யாராவது அந்த ஒப்பந்தத்தக் கையில எடுத்து சண்டை போடணும். ராஜஸ்தான்ல அரசுத் திட்டத்துல வேலை பார்த்த ஒரு பெண், குழந்தைத் திருமணத்தத் தடுக்கப் போனதுக்காக கூட்டு வன்கொடுமைக்கு ஆளானாங்க, அதுக்கப்புறம் பெண்கள் அமைப்புகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு, 1997ல விசாகா தீர்ப்பு வந்துச்சு. உள்நாட்டுல சட்டமே இல்லாத நேரத்துல கோர்ட் யாழினி சொன்ன அந்தப் பெண்கள் ஒப்பந்தத்த வச்சுதான் வேலையிடப் பாலியல் தொல்லைக்கு விதிமுறை போட்டுச்சு. பார்லிமென்ட் சட்டம் கொண்டுவர 2013 ஆச்சு, அது வேற கொடுமை. ஆனா சித்திரவதைத் தடுப்பு மசோதா 2010ல லோக்சபால பாஸாகி ராஜ்யசபா தேர்வுக்குழுவுக்குப் போச்சு, சட்டமாகாமலே காலாவதியாயிடுச்சு. லாக்கப்புல அடி வாங்குறவங்க பெரும்பாலும் ஏழைங்க, அவங்களுக்காக நாடு பூரா நின்னு விடாம கேக்குற பெரிய இயக்கம் இல்ல, எனக்குத் தெரிஞ்சு அதான் முக்கிய காரணம்.

செந்தில்:
நெறின்னாலே பணக்கார நாடு சொல்லும், மத்தவங்க கேட்டுக்கணும்னு நோட்ஸ்ல இருந்தா அதையும் நம்பாதீங்க. 1988ல நைஜீரியாவுல கோகோங்கிற ஊர்ல இத்தாலிலேர்ந்து வந்த விஷக்கழிவு கொட்டிக் கிடந்தது வெளிய வந்துச்சு. ஆபத்தான கழிவ நாடு விட்டு நாடு அனுப்புறது பத்தி அடுத்த வருஷம் வந்த பாசல் ஒப்பந்தம், வாங்குற நாட்டுக்கிட்ட முன்கூட்டி சம்மதம் வாங்கினா அனுப்பலாம்னு வழி விட்டுச்சு. ஆப்பிரிக்க நாடுகளுக்கு அது பத்தல, 1991ல மாலியில கூடி, ஆபத்தான கழிவு எங்க கண்டத்துக்குள்ளயே வரக்கூடாதுன்னு பமாகோ ஒப்பந்தம் போட்டாங்க. 1995ல பாசல்லயே, பணக்கார நாடுகள் மத்த நாடுகளுக்கு இந்தக் கழிவ அனுப்பக்கூடாதுன்னு திருத்தம் ஒத்துக்க வச்சாங்க, அமலுக்கு வர 2019 ஆயிடுச்சு.

யாழினி:
பமாகோ பத்தி நோட்ஸ்ல ஒரு வரி கூட இல்லங்க. ரொம்ப நன்றி, விசாகாவையும் இதையும் வச்சே பதில் எழுதப் போறேன்.