ரேஸை விட்டு வந்த 6 வயதுக் குதிரை: டிரெஸ்ஸாஜுக்கு எந்த வேகத்தில் கொண்டு போவது?

செந்தூல்_சேணம்:

வணக்கம். ரேஸிலிருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட் (ரேஸுக்கென்றே வளர்க்கும் இனம்), 6 வயது, காயடித்தது, எடை நாடாவில் 480 கிலோ. ஓட்டம் நின்று இரண்டு மாதம். லாயம் கோலாலம்பூருக்கு அருகே ரவாங் பக்கம். என் எடை 68 கிலோ, சேணமும் மற்ற சாமான்களும் 9 கிலோ. டிரெஸ்ஸாஜ்தான் (குதிரையின் நடை, அசைவு நேர்த்திக்கான போட்டி) எண்ணம், ஆனால் அவசரமில்லை. இருபது வயதிலும் நொண்டாமல் நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

பயிற்சியாளர் சொல்வது: வாரம் ஐந்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், தலை இறங்கும்வரை டிரா ரெயின் (தலையைக் கீழே இழுக்கும் கூடுதல் வார்), நான்கு மாதத்தில் ஆரம்பநிலைப் போட்டி. குதிரையோ வயிற்றுப் பட்டையை இறுக்கும்போது திரும்பிக் கடிக்க வருகிறது. டிராட்டில் (நடைக்கு அடுத்த வேகம்) வாலைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறது, வாயைத் திறக்கிறது. அதற்கு மூக்குவாரை இரண்டு துளை இறுக்கச் சொல்கிறார். சவாரி மாலை 5 மணிக்கு. தீனி: பச்சை நேப்பியர் புல் 20 கிலோ, பெல்லட் 5 கிலோ இரண்டு வேளையாக, தவிடு 1 கிலோ. எதை முதலில் மாற்றுவது?

குளம்படி:

தம்பி, டிரா ரெயினைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுங்கள். மூக்குவாரையும் பழைய துளைக்கே கொண்டு வாருங்கள். நான்கு மாதப் போட்டியைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம்.

முதலில் வலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீங்கள் சொன்னதில் வால் சுழற்றுவதும் வாய் திறப்பதும் சூ டைசன் என்ற பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் குழு 2018இல் வெளியிட்ட 24 அறிகுறிப் பட்டியலில் வருபவை. காது ஐந்து விநாடிக்கு மேல் பின்னால் படுத்திருப்பது, வாய் பத்து விநாடிக்கு மேல் திறந்திருப்பது, தலை ஒருபக்கம் சாய்வது, பின்கால் குளம்பு நுனி மண்ணில் இழுபடுவது, கேண்டரில் (டிராட்டுக்கு அடுத்த வேகம்) தவறான கால் முன்வருவது இப்படிப் போகும் அந்தப் பட்டியல். எட்டோ அதற்கு மேலோ தெரிந்தால் தசை, மூட்டு, எலும்பு எங்கோ வலி இருக்க வாய்ப்பு அதிகம். சவாரியை யாராவது பத்து நிமிடம் வீடியோ எடுத்துத் தரட்டும், நடை, டிராட், கேண்டர், இரு திசையும். பிறகு உட்கார்ந்து எண்ணுங்கள். சேணத்தின் மேல் இருக்கும்போது இதில் பாதி கண்ணில் படாது.

ரேஸ் குதிரையில் நான் சந்தேகப்படும் வரிசை: இரைப்பைப் புண், சேணம், முதுகெலும்பின் மேல்முனைகள் ஒன்றோடொன்று உரசுவது, பல். இரைப்பைப் புண்ணைக் குழாய்க் கேமரா விட்டுப் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும். அதற்கு 12 முதல் 16 மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும். முதுகுக்கு எக்ஸ்ரே. செர்டாங்கில் யூபிஎம் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. உங்கள் லாயத்துக்கு வழக்கமாக வரும் மருத்துவரிடமே முதலில் கேட்டு, அவர் மூலம் போவது சுலபம்.

டிரா ரெயினை ஏன் இவ்வளவு எதிர்க்கிறேன் என்றால், அது வயிற்றுப் பட்டையில் தொடங்கி பிட் (வாய்க்குள் இருக்கும் கடிவாளத் தண்டு) வளையத்துக்குள் நுழைந்து கைக்கு வருகிறது. அதாவது ஒரு கப்பி. கையில் ஒரு கிலோ இழுத்தால் வாயில் ஏறக்குறைய இரண்டு கிலோ. குதிரை தப்பிக்கக் கழுத்தை மடக்கும், ஆனால் பிடரியின் உச்சியில் மடக்காமல் மூன்றாவது கழுத்தெலும்புப் பக்கம் உடைத்துக்கொள்ளும். மூக்கு செங்குத்துக் கோட்டுக்குப் பின்னால் போகும், தொண்டைக்குள் காற்றுப் பாதை குறுகும், எடை முன்கால்களில் விழும். வெளியிலிருந்து பார்த்தால் தலை இறங்கியிருக்கும். முதுகு இறுகித்தான் கிடக்கும். முதுகு தூக்கிப் பின்கால் உள்ளே வந்தால் கழுத்து தானாக இறங்கும், அந்த வரிசையைத் தலைகீழாக்க முடியாது. ஜெர்மன் பயிற்சிப் படிகளிலும் தாளம் முதல், தளர்வு இரண்டாவது, வாயோடு தொடர்பு மூன்றாவது. தலை நிலையைப் பற்றிய பேச்சே அங்கிருந்துதான் தொடங்கும்.

மூக்குவார்: எஃப்.இ.ஐ. (சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு) 2025இல் கொண்டுவந்த அளவுகோல் 1.5 சென்டிமீட்டர் இடைவெளி, மூக்கெலும்பின் மேல் வைத்து. கன்னத்துப் பக்கம் விரல் விட்டுப் பார்ப்பது ஏமாற்று வேலை, அங்கே சதை அமுங்கிக் கொடுக்கும். வாய் திறப்பது ஒரு தகவல். இறுக்கிக் கட்டினால் தகவல் நின்றுவிடும், காரணம் அப்படியே இருக்கும்.

சரி, வலி இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு வேலை. இதயமும் மூச்சும் சில வாரங்களிலேயே முன்னேறிவிடும், தசைக்குச் சில மாதம். தசைநாண், தசைநார், எலும்புக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்கு மேலேயும் ஆகும். குதிரை மூச்சு வாங்காமல் ஓடுகிறதே என்று நாம் கூட்டிக்கொண்டே போவோம், கால் அதற்குத் தயாராக இருக்காது. நொண்டல் மூன்றாவது, நான்காவது மாதத்தில் தலைகாட்டுவது அதனால்தான். முதுகெலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூடவே ஐந்தரை, ஆறு வயதாகும். உங்கள் குதிரையின் முதுகு இப்போதுதான் முழு வளர்ச்சிக்கு வந்திருக்கிறது.

முதல் ஆறு வாரம் வட்டக் கயிற்றிலும் பிட்டிலும் வேலையே வேண்டாம், கையில் பிடித்துக்கொண்டு நடத்துங்கள். நில், ஓரடி பின்னால் போ, பின்பக்கத்தை விலக்கு. தரையில் கட்டைகளை 80 முதல் 90 சென்டிமீட்டர் இடைவெளியில் நான்கு போட்டு அதன் மேல் நடை. ஏறி உட்காரும்போது நகராமல் நிற்கவும் கற்றுத்தர வேண்டும். ரேஸ் குதிரையை நடக்க நடக்கத்தான் ஜாக்கியைத் தூக்கி ஏற்றுவார்கள், நின்று பழக்கமிருக்காது. கையை இறுக்கினால் அதற்கு ‘சாய்ந்துகொண்டு வேகமாகப் போ’ என்று அர்த்தம், அதையும் மறக்கடிக்க வேண்டும்.

அதற்குப் பிறகு வாரம் நான்கு சவாரி, அதில் இரண்டுதான் அரினா. ஒன்று மேட்டுச் சரிவில் நடை, ஒன்று கட்டைகள், டிராட்டுக்கு இடைவெளி சுமார் 1.3 மீட்டர். அரினா நாளில் மொத்தம் 40 நிமிடம் போதும்: தளர்ந்த வாரில் 12 நிமிட நடை, பிறகு டிராட் மூன்று நான்கு நிமிடத் துண்டுகளாக, ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் வாரை முழுக்க விட்டு நடை, கடைசியில் 10 நிமிட நடை. வார் விடும்போது கழுத்தைக் கீழே முன்னே நீட்டினால் அந்தத் துண்டு சரியாக நடந்தது. தலையைத் தூக்கிப் பிடுங்கினால் நீங்கள் பிடித்துவைத்திருந்தீர்கள். 20 மீட்டர் வட்டத்துக்குக் கீழே ஆறு மாதத்துக்கு வேண்டாம், சின்ன வட்டம் உள்பக்கக் கால் மூட்டைத்தான் தின்னும். கேண்டர் நேர்க்கோட்டில், ஒருமுறைக்கு ஒரு நீளப் பக்கம். ஒரே திசையில் ஓடிப் பழகிய குதிரைக்கு மறுபக்கம் பலவீனமாக இருக்கும், ஆனால் பலவீனமான பக்கத்தையே இரட்டிப்பாக வேலை வாங்காதீர்கள். அடிக்கடி, கொஞ்சமாக.

உங்கள் எடைக் கணக்கு சரி: 77 கிலோ, குதிரையின் எடையில் 16 விழுக்காடு. 20ஐ எட்டாமல் இருந்தால் நல்லது.

போட்டி அவசரம் உள்ளவர்களுக்கு ஒன்று: எஃப்.இ.ஐ. விதியிலேயே டிரெஸ்ஸாஜின் உச்ச நிலையான கிராண்ட் ப்ரீக்குக் குறைந்தது 8 வயது. நிறையக் குதிரைகள் அந்த நிலையில் நன்றாகச் செய்வது அதற்கும் பல வருடம் கழித்து.

பச்சைப்புல்:

அக்கா பயிற்சியைச் சொல்லிட்டாங்க, நான் தீனியைப் பார்க்கிறேன். கடிக்க வர்றதுக்குப் பாதிக் காரணம் தொட்டியில்தான் இருக்கும்னு தோணுது.

பச்சை நேப்பியர்ல நூற்றுக்கு எண்பது பங்கு தண்ணி. 20 கிலோ போட்டா காய்ந்த கணக்கில் 4 கிலோதான். 480 கிலோ குதிரைக்கு நார்த்தீனி குறைஞ்சது எடையில் 1.5 விழுக்காடு, அதாவது 7.2 கிலோ. 2 விழுக்காடுன்னா 9.6. பாதிதான் போகுது. மிச்ச நேரம் வயிறு காலி, அமிலம் மட்டும் சுரந்துக்கிட்டே இருக்கும். இறக்குமதி உலர்புல், திமோதி மாதிரி, 4 கிலோவாவது சேருங்க. சின்னக் கண்ணி வலையில் மூணு நாலு வேளையாத் தொங்கவிட்டா சேர்ந்தாப்பல அஞ்சு மணி நேரத்துக்கு மேல வாய் சும்மா இருக்காது. சவாரிக்கு இருபது நிமிஷம் முன்னாடி ரெண்டு கை லூசர்ன் (குதிரைமசால்) கொடுங்க. காலி வயித்தோட ஓடினா அமிலம் மேல தெறிச்சு, பாதுகாப்பு இல்லாத மேல்பகுதியில் படும்.

பெல்லட் ஒருவேளைக்கு 2.5 கிலோ ஜாஸ்தி. இந்த வேலைக்கு நாளுக்கு 2 கிலோ போதும், அதையும் மூணு வேளையாப் பிரிங்க. குறைக்கிறதும் கூட்டுறதும் பத்து, பதினாலு நாள்ல படிப்படியா. ஓய்வு நாள்ல முழுத் தானியம் கொடுத்துட்டு மறுநாள் வேலை வாங்கினா தசை இறுகிக் கட்டிக்கிற நோய் தரோபிரெட்ல சாதாரணம். ஓய்வு நாள்ல தானியத்தைப் பாதியாக்குங்க.

தவிட்டை நிறுத்துங்க. அரிசித் தவிடோ கோதுமைத் தவிடோ, பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் கம்மி. நம்ம ஊர்ப் புல்லு வேற ஆக்சலேட் உள்ளது, செட்டாரியாவில் ரொம்ப, நேப்பியர்லயும் உண்டு. ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுடும், குடல் உறிஞ்ச முடியாது. உடம்பு எலும்பிலிருந்து எடுக்க ஆரம்பிக்கும். முதல்ல இன்னிக்கு இந்தக் கால், நாளைக்கு அந்தக் கால்னு இடம் மாறுற நொண்டல், அப்புறம் தாடையும் மூக்கெலும்பும் வீங்கும். லூசர்ன் நாளுக்கு ஒன்றரை கிலோ கால்சியத்துக்கு நல்ல வழி. மொத்தத் தீனியில் கால்சியம் பாஸ்பரஸைவிட ஒன்றரை முதல் ரெண்டு மடங்கு இருக்கணும். சுண்ணாம்புத் தூள் எவ்வளவுன்னு மருத்துவர்கிட்ட கேட்டுப் போடுங்க.

உப்பு: சாதாரண சமையல் உப்பு நாளுக்கு 50 கிராம், ரெண்டு வேளையா, தீனியை நனைச்சு. நக்குற கட்டி மட்டும் போதாது, இந்த ஊர் வேர்வைக்கு அது பத்தாது.

வெயில்மானி:

மாலை 5 மணியை மாற்றுங்கள். ஃபாரன்ஹீட் வெப்பத்தையும் ஈரப்பத விழுக்காட்டையும் கூட்டி 150க்குக் கீழே வந்தால் ஓட்டலாம் என்று சொல்வார்கள். கோலாலம்பூருக்கு அந்தக் கணக்கு உதவாது. காலை 7 மணிக்கு 25 டிகிரி செல்சியஸ், அதாவது 77, ஈரப்பதம் 95: கூட்டினால் 172. மதியம் 1 மணிக்கு 33 டிகிரி, அதாவது 91, ஈரப்பதம் 60: கூட்டினால் 151. கணக்கின்படி மதியம்தான் நல்ல நேரம்! வெயில் நேராக முதுகில் விழுவதும் அரினா மண்ணிலிருந்து எழும் சூடும் அதில் சேரவில்லை.

எஃப்.இ.ஐ. போட்டிகளில் பார்ப்பது வெட் பல்ப் குளோப் வெப்பநிலை. அதில் வெயிலும் காற்றும் அடங்கும். 28க்குக் கீழே வழக்கம்போல, 30க்கு மேல் வேலையைக் குறைத்துக் குளிர்விக்க ஏற்பாடு, 33 தாண்டினால் நிறுத்த வேண்டியதுதான். கையடக்கக் கருவி கிடைக்கிறது, லாயத்துக்கு ஒன்று வாங்கினால் போதும். இல்லாவிட்டால் காலை ஆறரை முதல் எட்டுக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

குதிரையையும் அளந்து பாருங்கள். வேலை முடிந்து பத்து நிமிடத்தில் நாடி 60க்கு அருகே வர வேண்டும். குளிர்விக்க, தண்ணீரை உடம்பு முழுக்க நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள், ஒருமுறை ஊற்றிவிட்டு அப்படியே நிறுத்தாதீர்கள். ஈரத் துணியைப் போர்த்துவதும் கூடாது, சூடு உள்ளேயே அடைந்துவிடும். குடிக்கத் தண்ணீர் உடனே கொடுக்கலாம், சூடான குதிரைக்குத் தண்ணீர் தரக்கூடாது என்பது பழைய பயம்.

செந்தூல்_சேணம்:

நன்றி. டிரா ரெயின் கழற்றியாச்சு. இன்று மாலை கடைசியாக 30 நிமிடம், பெரும்பாலும் டிராட். முடித்துப் பத்து நிமிடம் கழித்து: நாடி 72, மூச்சு 80, ஆசனவாய் வெப்பம் 39.6. வேர்வை பிடரிக்குக் கீழேயும் சேணத்துக்கு அடியிலும் மட்டும், விலா காய்ந்திருந்தது. மூக்குத் துவாரம் விரிந்தே இருந்தது. உடம்பு பலமில்லாததால்தானே?

வெயில்மானி:

உடம்பு பலமில்லாத குதிரை நிறைய வேர்க்கும். விலா காய்ந்திருக்காது. மூச்சு எண்ணிக்கை நாடியைத் தாண்டியிருக்கிறது, அதாவது வேர்வை செய்ய வேண்டிய வேலையை மூச்சு செய்கிறது. வெப்பமண்டலத்தில் வேர்வைச் சுரப்பி சோர்ந்துபோகும் நோய் இருக்கிறது, அன்ஹைட்ரோசிஸ் என்று மருத்துவர் சொல்வார். நெற்றியிலும் முகத்திலும் முடி மெலிந்திருக்கிறதா என்று நாளைக்குப் பாருங்கள்.

கழுத்துத் தோலில் டெர்பியூட்டலின் மருந்தைப் பல செறிவுகளில் துளித்துளியாக ஊசி போட்டு, அரை மணி நேரத்தில் எந்தப் புள்ளியில் வேர்க்கிறது என்று பார்ப்பார்கள். அந்தச் சோதனை முடியும்வரை சவாரி வேண்டாம். காலையில் கையில் பிடித்து நடை மட்டும். கொட்டிலில் மின்விசிறி, முடி நீளமாக இருந்தால் வழித்துவிடுவது. மூச்சு 60க்குக் கீழே இறங்காமல் நின்றாலோ வெப்பம் 40 தாண்டினாலோ தண்ணீர் ஊற்றிக்கொண்டே மருத்துவரைக் கூப்பிடுங்கள், காலை வரை பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

குளம்படி:

அவர் சொன்னது சரி. தம்பி, மருத்துவர் வரும் நாளில் சேணத்தையும் எடுத்து வையுங்கள். மேலே துணி போடாமல் வெறும் முதுகில் வைத்துக் காட்டுங்கள்: முன்பக்கத் தோள்மேட்டுக்கு மேல் இரண்டு மூன்று விரல் இடைவெளி, பின்நுனி கடைசி விலாவைத் தாண்டக் கூடாது. ரேஸ் குதிரைக்குத் தோள்பட்டைக்குப் பின்னால் சதை குழிந்திருக்கும். இன்று பொருந்துகிற சேணம் முதுகு நிறையும்போது மூன்று மாதத்தில் இறுகும். அகலம் மாற்றக்கூடிய சட்டம் உள்ளதாக இருந்தால் செலவு மிச்சம்.