நீலத்தொப்பி (யூ.என். அமைதிப்படை) ட்ரெய்னிங்ல உங்களை இன்னும் உறுத்துற ஒரு சம்பவம் சொல்லுங்க (அனுபவப் பகிர்வு)

கம்பம் ஹவில்தார்:

யூ.என். மிஷனுக்கு முன்னாடி நடக்குற ட்ரெய்னிங் எப்படின்னு இங்க பாதி பேருக்கு தெரியும், நீட்டல. ஒரே ஒரு விஷயம்.

செக்போஸ்ட் ட்ரில். எங்க பல்டன் லங்கர்ல (பட்டாளச் சமையல்கட்டு) ஒரு பையன், ஆள் குள்ளம், மீசை கூட சரியா வரல, அவன் கையில மரத்துல செஞ்ச ஏகே-வ குடுத்து நீதான்டா சைல்ட் சோல்ஜர்னு உஸ்தாத் (ட்ரெய்னிங் குடுக்கறவர்) அனுப்பிட்டாரு. நான் செக்போஸ்ட் கமாண்டர். சட்டைப்பைல ஆர்.ஓ.இ. கார்டு, எப்ப சுடலாம் எப்ப சுடக்கூடாதுன்னு, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்போம். மூணு தடவை ஹால்ட் சொன்னேன், பல்ல காட்டிக்கிட்டே வர்றான். துப்பாக்கி முனை லேசா என் பக்கம் திரும்புச்சு, நான் டப் டப்னு சொல்லிட்டேன் (அன்னைக்கு பிளாங்க் ரவுண்டு தரல, வாயாலதான் சுடணும்). அவன் விழுந்து காலை உதறி நடிச்சான், எல்லாரும் சிரிச்சோம்.

உஸ்தாத் மட்டும் சிரிக்கல. ஒரு ஃபார்ம் நீட்டுனாரு. இடம், நேரம், எத்தனை ரவுண்டு, எத்தனை தடவை எச்சரிச்சே, இறந்தவர் வயசு. நான் 12-ன்னு எழுதினேன். ஏன் 12-ன்னு கேட்டாரு. பாத்தா அப்படித்தான் தெரிஞ்சுது சாப்னேன். "அப்ப தெரிஞ்சேதான் சுட்டிருக்கே"ன்னாரு. அவ்ளோதான். ரூல்படி தப்பில்ல, தற்காப்பு, அதையும் அவரே சொன்னாரு. 'வீர மதராசி அடி கொல்லு அடி கொல்லு'ன்னு மெட்ராஸ் ரெஜிமென்ட் கோஷத்தை கத்தி கத்தியே வளந்த ஆளுங்க நாங்க, ஒரு காகிதத்தைக் காட்டி அன்னைக்கு ராத்திரி சோறு இறங்காம பண்ணிட்டாரு மனுசன்.

அப்புறம் 2011, காங்கோ, வடக்கு கீவு, மாசிசி பக்கம் மலை மேல எங்க பேஸ். மழை விட்ட நேரம், சரிவுல ஒரு பையன் ஏறி வர்றான், தோள்ல நிஜ ஏகே, அவன் முழங்கால் வரைக்கும் தொங்குது. வேலி கிட்ட வந்து நின்னு "மாயி, மாயி"ங்கறான். அங்க மாயி-மாயின்னு ஆயுதக் குரூப்புங்க இருக்கு, பிரீஃபிங்ல வாரக்கணக்கா எங்க காதுல ஊதுன பேரு அது. என் கட்டைவிரல் தானா சேஃப்டியை தள்ளிடுச்சு. அந்த க்ளிக் சத்தம் அவனுக்கும் கேட்டுச்சு, அப்படியே நின்னுட்டான். பின்னாடி இருந்து எங்க இன்டர்பிரட்டர் வாட்டர் வாட்டர்னு கத்திக்கிட்டே ஓடி வந்தாரு.

தண்ணி கேட்டிருக்கான். ட்ரெய்னிங்ல எங்களுக்கு குடுத்த ஸ்வாஹிலி லிஸ்ட்ல தண்ணிக்கு 'மாஜி'ன்னு இருந்துச்சு, அந்த மலைல அதை மாயிம்பாங்களாம். குரூப்புக்கு பேரே அதுல இருந்து வந்ததுதானாம், மந்திரிச்ச தண்ணி தெளிச்சுக்கிட்டா குண்டு தண்ணியாயிடும்னு ஒரு நம்பிக்கை. இதெல்லாம் அப்புறம் தெரிஞ்சு என்ன பண்ண.

ஈப்போ மணியம்:

ஐயோ ஹவில்தார் அண்ணே, படிச்சிட்டு கொஞ்ச நேரம் போனை கீழ வச்சிட்டேன் லா.

என்னோடது காமெடி, ஆனா எனக்கு அது காமெடி இல்ல. மலேசிய ராணுவத்துல இருந்தேன். போர்ட் டிக்சன்ல பீஸ்கீப்பிங் சென்டர் இருக்கு, 1996-ல ஆரம்பிச்சது. லெபனானுக்கு 2007-ல இருந்து நம்ம பட்டாளம் போகுதுல்ல, அந்த மாதிரி போற ஒரு பேட்சுக்கு ஊர் ஜனமா நடிக்க ஆள் கேட்டாங்க. ஊர்க்காரனா என்னைத்தான் புடிச்சாங்க, ஏன்னா மூஞ்சி 'வேற மாதிரி' இருக்காம். அது ஒரு பக்கம் இருக்கட்டும். நீ தமிழ்லயே பேசு, பேட்ரோல் வர்றவனுக்கு ஒண்ணும் புரியக்கூடாது, இன்டர்பிரட்டரை வச்சு எப்படி சமாளிக்கிறான்னு பாக்கணும்னு சொல்லிட்டாங்க.

நானும் வேட்டி கட்டி நின்னு, மூஞ்சிய ரொம்ப சோகமா வச்சிக்கிட்டு, வந்த கார்ப்பரலை பரம்பரையோட சேத்து திட்டினேன். வாயில வந்த எல்லாமே. அவன் அமைதியா கேட்டான், தலையாட்டினான், இன்டர்பிரட்டரை பாக்காம என் கண்ணையே பாத்தான் (அப்படித்தான் சொல்லிக் குடுப்பாங்க, பேசுறவனை பாரு, மொழிபெயர்க்கிறவனை பாக்காதன்னு). முடிச்சு நான் மூச்சு வாங்குறப்ப மெதுவா சொன்னான், "அண்ணே, எங்கம்மா செத்து ரெண்டு வருசம் ஆச்சு, அவங்களை விட்டுருங்க." சுத்தத் தமிழ். மலாய்க்காரப் பையன், சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட்ல வளந்தவன்.

வேட்டியோட நின்னேன் பாருங்க. மன்னிப்பு கேக்கலாம்னா ட்ரில் நடக்குது, நடிப்பை நிறுத்தக்கூடாது. சாயங்காலம் தேடுனேன், பஸ் கிளம்பிடுச்சு.

சிங்கம்77:

ஹவில்தார் சார் தப்பா எடுத்துக்காதீங்க, ஆயுதத்தோட வேலி வரைக்கும் ஒருத்தன் வந்தா தண்ணி குடுக்கறதா ட்ரெய்னிங்? ஆயுதத்தை கீழ வைக்க சொல்லி, பையனை டிடிஆர் (ஆயுதத்தை வாங்கிட்டு ஊரோட சேத்து வைக்கிற பிரிவு) ஆளுங்க கிட்ட ஒப்படைச்சிருக்கணும், 18 வயசுக்கு கீழன்னா குழந்தைகள் பாதுகாப்பு ஆபீசருக்கு தகவல் போகணும். எல்லாமே பாடத்துல இருக்கு. இன்னொண்ணு, நம்ம ஆளுங்க இதுக்கு போறதே காசுக்குத்தான், ஒரு ஜவானுக்கு மாசம் ஒரு லட்சத்துக்கு மேல யூ.என். கையில குடுக்குது.

நான் டெல்லில ஒரு மாசம் கோர்ஸ் பண்ணேன், பெருசா அனுபவம்னு எதுவும் இல்ல.

கரானா குடிமகன்:

@சிங்கம்77 கையில எல்லாம் குடுக்காது. 2019 கணக்குக்கு ஆளுக்கு மாசம் 1428 டாலர், அது நாட்டோட அரசாங்கத்துக்கு போற பணம். அதுல ஜவானுக்கு எவ்ளோன்னு அந்தந்த நாடு முடிவு பண்ணும். தெரிஞ்சு பேசுங்க.

என் கதை சின்னது. யூ.என். ட்ரெய்னிங்ல கரானான்னு ஒரு நாடு வரும், இல்லாத நாடு, பயிற்சிக்காகவே உருவாக்குனது. தலைநகரம் கலாசி. ஃபாலின், கோரி, டாட்ஸின்னு இனங்க, அதுக்குள்ள சண்டை, ரோடு, பாலம், அகதி முகாம், எல்லாத்துக்கும் மேப்பு. ஸ்டாஃப் ஆபீசர் கோர்ஸ்ல ராத்திரி பகலா அதுலயே கிடந்தேன். மிஷன்ல இறங்கி மொத வாரம், ஒரு கிராமத்துக்கு உடனே ஆள் அனுப்பணும்னு ரேடியோல கேக்குறாங்க, நான் மேப்ல கை வச்சு ஒரு பாலத்தைச் சொல்லிட்டேன். பக்கத்துல இருந்த மேஜர் என்னைப் பாத்தாரு. அந்தப் பாலம் கரானால இருக்கு.

நாலு நிமிஷம்தான் லேட்டாச்சு. கிராமத்துல யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா நாலு நிமிஷம்.

நர்ஸ் அக்கா:

நான் ராணுவ நர்சிங்ல இருந்தவ. தமிழ் ஜவான்ஸ் ஜாஸ்தி இருந்த ஒரு பேட்சுக்கு எஸ்.இ.ஏ. கிளாஸ் எடுக்க சொன்னாங்க. அதான், மிஷன் போற எடத்துல பொண்ணுங்க கிட்ட எப்படி நடந்துக்கக் கூடாதுன்னு. 2003-ல யூ.என். பொதுச்செயலாளர் போட்ட சுற்றறிக்கை இருக்கு, காசோ சாப்பாடோ வேலையோ குடுத்து செக்ஸ் கூடாது, 18-க்கு கீழன்னா வயசு தெரியாதுன்னு சொல்றது சாக்கே இல்ல. ஸ்லைடு எல்லாம் இங்லீஷ், இந்தி. சரி தமிழ்ல சொல்வோம்னு 'பாலியல் சுரண்டல்'னு ஆரம்பிச்சேன். பின்வரிசைல ஒருத்தன், "மேடம், சுரண்டல்னா லாட்டரிதானே, அதைத்தான் தடை பண்ணிட்டாங்களே." கிளாஸே கவுந்துடுச்சு, நானும் சிரிச்சுட்டேன்.

அப்புறம் ஸ்லைடை ஆஃப் பண்ணிட்டு வேற மாதிரி சொன்னேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி பசியோட நிக்கறா, உன் கையில பிஸ்கட் பாக்கெட் இருக்கு, நீ என்ன கேட்டாலும் அவ சரின்னுதான் சொல்லுவா, அந்த 'சரி'யை நீ கணக்குல எடுத்துக்காதன்னு. சிரிப்பு நின்னுச்சு. 2007-ல ஹெய்ட்டில இருந்து இலங்கை ராணுவத்துக்காரங்க நூறு பேருக்கு மேல திருப்பி அனுப்பப்பட்டதை சொன்னேன். உடனே ரெண்டு பேர் "அது அவங்க மேடம்"னாங்க. காங்கோல நம்ம ஆளுங்க மேலயும் புகார் வந்து விசாரணை நடந்துச்சு தம்பின்னேன், அதுக்கு பதில் வரல.

என்னை உறுத்தறது இது இல்ல. மறுநாள் காலைல அந்த லாட்டரிப் பையன் தனியா வந்தான். "மேடம், எங்கண்ணன் முன்னாடி ஒரு மிஷன் போயிட்டு வந்தாரு, அவரு..."ன்னு ஆரம்பிச்சு நிறுத்திட்டான். ஒண்ணும் இல்ல மேடம்னு சல்யூட் அடிச்சிட்டு போயிட்டான். எனக்கு ஓபிடி டைம் ஆச்சு. கூப்பிட்டிருக்கலாம். ஓபிடி அன்னைக்கு காலியாத்தான் கிடந்துச்சு.

வடமராட்சியான்:

எல்லாரும் கதைக்கிறியள், நானும் ஒண்டு சொல்லுறன். நான் ஆமி இல்லை. யூ.என்னில சிவில் வேலை, லொஜிஸ்ரிக்ஸ். 2014இல ஜூபா, தெற்கு சூடான். எங்களுக்கும் ஒரு ட்ரெய்னிங் இருக்கு, 'சேஃப்' எண்டு சொல்லுவினம், மூண்டு நாலு நாள். கண்ணிவெடி, முதலுதவி, ரேடியோ, கடைசியில செக்பொயின்ற்ல பிடிபட்டா எப்படி நடக்கிறது எண்டு நடிச்சுக் காட்டுவினம்.

வாகனத்தை மறிச்சாங்கள். முகத்தை மூடினவன் ஒருத்தன் கதவைத் திறந்து, முழங்காலில இரு, கை தலைக்கு மேல எண்டு கத்தினான். நடிப்பு எண்டு தெரியும். காலமை அவனோட இருந்துதான் தேத்தண்ணி குடிச்சனான், நல்ல பெடியன். ஆனா முழங்கால் மண்ணில பட்ட உடன எனக்கு என்ன நடந்தது எண்டு தெரியேல்லை, "ஐயா நான் பள்ளிக்கூடம் போறனான், ஐயா நான் பள்ளிக்கூடம் போறனான்" எண்டு தமிழில சொல்லிக்கொண்டு இருக்கிறன். எனக்கு அப்ப முப்பத்தேழு வயசு.

87 ஒக்டோபரில அப்பாவுக்குப் பக்கத்தில அப்பிடி இருந்தனான், பத்து வயசில. அமைதிப்படை எண்ட சொல்லை நான் முதல் கேட்டதும் அந்த வருசம்தான்.

ட்ரெய்னிங் முடிய என்ர தோளில தட்டி, வெரி ரியலிஸ்ரிக், நல்லா நடிச்சனி எண்டினம். நானும் தாங்ஸ் எண்டுபோட்டு வந்திட்டன்.

சிங்கம்77:

@வடமராட்சியான் வருத்தமா இருக்கு அண்ணே, ஆனா ஒரு திருத்தம். ஐபிகேஎஃப் (87-ல இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படை) யூ.என். படை கிடையாது, ரெண்டு நாட்டு ஒப்பந்தத்துல போனது, நீலத்தொப்பி போடல. இந்த மாதிரி ட்ரெய்னிங்கே அவங்களுக்கு கிடையாது, டெல்லி சென்டர் வந்ததே 2000-லதான். நம்ம பக்கமும் ஆயிரத்துக்கு மேல செத்தாங்க. ரெண்டையும் ஒண்ணா பேசக்கூடாது. 1961-ல காங்கோல உயிரை விட்ட கேப்டன் சலாரியாவுக்கு பரம்வீர் சக்ரா குடுத்தது, கொரியா, சியரா லியோன்னு எவ்ளோ இருக்கு சொல்ல.

வடமராட்சியான்:

ஓம் தம்பி, எனக்கும் வித்தியாசம் தெரியும். அங்கயே வேலை செய்தனான். பத்து வயசுப் பெடியனிட்ட தொப்பியின்ர நிறத்தைப் பார் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை.

மலக்கால்ல, அதுவும் தெற்கு சூடான்தான், இந்திய பற்றாலியன் இருந்தது. ஒருக்கா அங்க போகேக்க கேற்றில நிண்ட பெடியன் தமிழ், தென்காசிப் பக்கம். நான் தமிழ் எண்டு தெரிஞ்ச உடன ஓடிப்போய் ரசம் கொண்டு வந்து தந்தவன், ஸ்ரீல் டம்ளரில. நல்ல ரசம். அவ்வளவுதான், வேற ஒண்டும் நான் சொல்ல வரேல்லை.

டாக்ஸி சைக்ளின்:

எல்லாரும் சீரியஸா போறீங்க, யாரும் உடம்பை பத்தி சொல்லலையே. நான் போனப்ப ட்ரெய்னிங் கடைசி வாரம் எல்லோ ஃபீவர் ஊசி லைன்ல எனக்கு முன்னாடி நின்ன ஆறடி சிப்பாய் ஊசியை பாத்தே மயங்கி என் மேல விழுந்தான், அதான் என் கதை.

இனிமே போற தம்பிங்களுக்கு சொல்றேன். எல்லோ ஃபீவர் ஊசியை கிளம்ப பத்து நாளைக்கு முன்னாடியே போட்டுடணும், ஊசி போட்டு பத்து நாள் ஆகுற வரைக்கும் கார்டு செல்லாது, செல்லுற கார்டு இல்லாம திரும்பி வந்தா இங்க ஏர்போர்ட்ல புடிச்சு தனியா வச்சிடுவாங்க. முன்னாடி பத்து வருஷம்தான் கார்டு, 2016-ல இருந்து ஆயுசுக்கும் செல்லும், அதனால பழைய மஞ்ச கார்டை தூக்கி போடாதீங்க. மலேரியா வராம இருக்க டாக்ஸி (டாக்ஸிசைக்ளின்) மாத்திரை குடுத்தாங்கன்னா வெறும் வயித்துல போடாதீங்க, நிறைய தண்ணியோட போட்டுட்டு உடனே படுக்காதீங்க, தொண்டைல ஒட்டி புண்ணாக்கிடும், வெயில்ல தோல் உரியும் அதுவும் அதனாலதான். முக்கியமா ஊருக்கு வந்தப்புறமும் நாலு வாரம் போடணும், முக்காவாசி பேரு வந்த அன்னைக்கே நிறுத்திட்டு ஊர்ல காய்ச்சல்னு படுத்து, டாக்டர் டைபாய்டுன்னு ஊசி போட்டு, கடைசில மலேரியான்னு தெரியும். ஆப்பிரிக்கா போயிட்டு வந்தேன்னு டாக்டர் கிட்ட வாயைத் திறந்து சொல்லுங்கப்பா. அங்க மெடிக்கல்ல காட்டுன ஒவ்வொரு சீட்டையும் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிடுங்க, நாளைக்கு சர்வீஸ் முடிஞ்சு ரிலீஸ் மெடிக்கல் போர்டுல டிசபிலிட்டி கேட்டா அந்த சீட்டுதான் பேசும், நம்ம வாய் பேசாது. ஷூ ரெண்டு ஜோடி. கொசுவலை ஓட்டையை தைக்க ஊசி நூல். ஊறுகாய் கண்ணாடி பாட்டில்ல வேணாம்.

ஈப்போ மணியம்:

@டாக்ஸி சைக்ளின் அண்ணே யாரும் கேக்கல லா. ஆனா ஊறுகாய் பாயிண்ட் கரெக்ட்.

@கம்பம் ஹவில்தார் அந்தப் பையன் அப்புறம் என்ன ஆனான்? தண்ணி குடுத்தீங்களா?

கம்பம் ஹவில்தார்:

குடுத்தேன் தம்பி. சிங்கம் சார் சொன்ன டிடிஆர் எல்லாம் எங்களுக்கும் தெரியும், இன்டர்பிரட்டர் கூப்பிட்டாரு, துப்பாக்கியை வச்சுட்டு உள்ள வா, சாப்பாடு இருக்கு, யாரும் அடிக்க மாட்டாங்கன்னு அவன் பாஷைலயே கெஞ்சுனாரு. அவன் என் கட்டைவிரலையே பாத்துக்கிட்டு நின்னான். நான் என் வாட்டர் பாட்டிலை வேலி மேல நீட்டுனேன், வாங்குனான், குடிக்கல, அப்படியே திரும்பி சரிவுல ஓடிட்டான். க்ளிக் சத்தம் கேக்காம இருந்திருந்தா வந்திருப்பானோ என்னமோ.

பாட்டில் போச்சுல்ல, சர்க்கார் சாமான். க்யூஎம் ஸ்டோர்ல ஃபார்ம் எழுத சொன்னாங்க. இடம், நேரம், எப்படித் தொலைஞ்சுது. வயசுன்னு ஒரு கட்டம் இருக்கான்னு திருப்பித் திருப்பி பாத்தேன். இல்ல.