காலை எட்டு மணிப் பேருந்துக்கு முன் சமையல்: செலவு குறைந்த வழிகள் வேண்டும்

உச்சிப்புளி வாசகி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் உச்சிப்புளியில் வசிக்கிறேன். ராமநாதபுரத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். காலை எட்டு மணிப் பேருந்தைப் பிடித்தால்தான் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். வீடு திரும்ப இரவு ஏழு மணி ஆகிவிடுகிறது. வீட்டுக்காரர் மண்டபத்தில் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். மகள் எட்டாம் வகுப்பிலும் மகன் மூன்றாம் வகுப்பிலும் படிக்கிறார்கள். மாமியார் எங்களுடன் இருக்கிறார். அவருக்கு ரத்த அழுத்தம் உண்டு. அடுப்படியில் நீண்ட நேரம் நிற்க இயலாது.

மகனுக்கு அரசுப் பள்ளியிலேயே காலை உணவு கிடைத்துவிடுவதால் அந்த ஒரு கவலை இல்லை. மற்ற எல்லோருக்குமான காலைச் சாப்பாட்டையும், மகளும் நானும் தூக்கில் கொண்டுபோகும் மதியச் சாப்பாட்டையும் ஒரு மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். மாலையில் பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் பசி தாங்காமல் பாக்கெட் தீனியும் பேக்கரிப் பண்டங்களும் வாங்கித் தின்கிறார்கள். மாதக் கடைசியில் அந்தச் செலவைக் கூட்டிப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. அவற்றைத் தின்று வயிறு நிறைந்ததாகவும் தெரியவில்லை.

இதற்கு மேல், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் வீட்டில் மீனும் குறையும், வருமானமும் குறையும். எங்களிடம் மிக்சியும் குக்கரும் ஒரு சிறிய குளிர்சாதனப் பெட்டியும் இருக்கின்றன. நம் பக்கத்துப் பொருட்களை வைத்தே விரைவாகவும் சிக்கனமாகவும் சமைக்க, அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

தங்கச்சிமடம் அக்கா எழுதுகிறார்:

அன்புத் தங்கைக்கு, காலை நேரத்தில் பெரும்பகுதி வெங்காயம் உரிப்பதிலும் புளி கரைப்பதிலும் தேங்காய் துருவுவதிலுமே போய்விடுகிறது. அடுப்பில் ஆகும் நேரம் கொஞ்சம்தான். அந்த வேலைகளை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிட்டால் உங்கள் ஒரு மணி நேரம் தாராளமாகப் போதும்.

முதலில் குழம்புப் பொடி. எங்கள் வீட்டு அளவு: மல்லி 1 கிலோவுக்கு முண்டு மிளகாய் அரைக் கிலோ, சீரகம் 100 கிராம், மிளகு 50 கிராம், வெந்தயம் 25 கிராம், மஞ்சள் 50 கிராம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய் நம் மாவட்டத்திலேயே விளைகிறது. தோல் தடிப்பாக இருப்பதால் குழம்புக்கு நிறமும் திடமும் கிடைக்கும். வெயிலில் நன்றாகக் காயவைத்து மில்லில் திரித்துக்கொள்ளுங்கள். கடையில் பாக்கெட் பாக்கெட்டாக வாங்குவதைவிட இது மலிவு, மணமும் வேறு.

அடுத்தது புளி. ஒரு வாரத்துக்கு வேண்டிய புளியை வெந்நீரில் ஊறவைத்து, கெட்டியாகக் கரைத்து வடிகட்டி, உப்புச் சேர்த்துக் கொதிக்கவிட்டு, ஆறியதும் கண்ணாடிப் போத்தலில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். சின்ன வெங்காயத்தை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டால் தோல் எளிதாகக் கழன்றுவிடும். மாமியார் உட்கார்ந்த இடத்திலேயே உரித்துத் தரக்கூடிய வேலை இது.

இவை கையில் இருந்தால் ஒரே அடிக்குழம்பு வாரம் முழுவதும் பல குழம்புகளாகும். வெந்தயம், வெங்காயம், பூண்டு, தக்காளி தாளித்து, பொடியும் புளிக்கரைசலும் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். ஒரு நாள் சூடை மீன், ஒரு நாள் கத்தரிக்காயும் முருங்கைக்காயும், ஒரு நாள் முட்டை. முட்டையை அவித்து உரித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கொதிக்கும் குழம்பில் ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றி, தீயைக் குறைத்து, கிளறாமல் மூடி வைத்தால் ஏழெட்டு நிமிடத்தில் முழுதாக வெந்து நிற்கும்.

மீனுக்கு ஒரு கவனம் தேவை. குழம்பின் பச்சை வாசனை போய், சட்டியின் ஓரத்தில் எண்ணெய் பிரிந்த பிறகுதான் மீனைப் போட வேண்டும். போட்ட பின் கரண்டி விடக் கூடாது. சட்டியின் இரண்டு பக்கமும் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். சூடையும் சாளையும் ஐந்தாறு நிமிடத்தில் வெந்துவிடும். தலையோடு போட்டிருந்தால், கண் வெள்ளையாகி வெளியே துருத்திக்கொண்டு வருவதே பதம். விலை உயர்ந்த சீலாவை நினைத்து ஏங்க வேண்டாம். சூடை, சாளை, காரல் ஆகியவற்றின் சத்து எந்தப் பெரிய மீனுக்கும் குறைந்ததன்று.

ஆனால் மாலையில் வாங்கிய சாளையைப் பையிலேயே விட்டு வைக்காதீர்கள். சாளை, சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் சூட்டில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்னும், ஒவ்வாமை போன்ற தொல்லை தரும் பொருள் உண்டாகும். அது கொதிக்க வைத்தாலும் அழியாது. உடம்பில் தடிப்பும் தலைவலியும் வரும். வாங்கிய இடத்திலேயே ஐஸ் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். இரவே கழுவி உப்பும் மஞ்சளும் தடவிக் குளிரில் வைத்துவிட்டால் காலையில் அப்படியே சட்டியில் இடலாம்.

நேரமே இல்லாத இரவுக்குச் சொதி இருக்கிறது. வெங்காயம், பச்சை மிளகாய், சிறிது வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை ஆகியவற்றை இரண்டாம் தேங்காய்ப்பாலில் வேகவிட்டு, முரல் மீனோ ஊளி மீனோ துண்டு போட்டு, வெந்ததும் முதல் பாலை ஊற்றுங்கள். முதல் பால் கொதித்தால் திரிந்துவிடும்; ஓரத்தில் நுரை கூடும்போதே இறக்கி, பிறகு எலுமிச்சை பிழியுங்கள். மொத்தமும் இருபது நிமிட வேலைதான். இடியாப்பத்துக்கும் சோற்றுக்கும் பொருந்தும். காரம் குறைவு என்பதால் பிள்ளைகளும் மறுக்க மாட்டார்கள்.

கீழக்கரை லாத்தா (அக்கா) எழுதுகிறார்:

சகோதரிக்கு என் அன்பு. சாப்பாட்டைப் பற்றித் தங்கச்சிமடத்து அக்கா நன்றாகச் சொல்லிவிட்டார்கள். நான் பிள்ளைகளின் மாலைத் தீனியைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் நோன்பு நாட்களில் கடற்பாசி என்னும் உறைந்த இனிப்பைச் செய்யாத வீடு அபூர்வம். மற்ற நாட்களில் ஏன் அதை மறந்துவிடுகிறோம் என்று எனக்கு விளங்குவதே இல்லை. மண்டபம், பாம்பன் பக்கத்துப் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி போன்றவற்றிலிருந்துதான் அதற்கு வேண்டிய, அகர் அகர் என்றும் சொல்லும் வெள்ளைக் கடற்பாசி தயாராகிறது. நம் கடலின் விளைச்சலை விட்டுவிட்டு, சாயம் போட்ட ஜெல்லியைப் பிள்ளைகளுக்கு ஏன் வாங்கித் தர வேண்டும்?

கடற்பாசி 10 கிராமைத் துண்டு துண்டாக நறுக்கி, அரை லிட்டர் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவிட்டு, அதே தண்ணீரோடு அடுப்பில் வைத்துக் காய்ச்சுங்கள். தளதளவென்று கொதித்து, கரண்டியில் எடுத்துப் பார்த்தால் ஓர் இழைகூடத் தெரியாதபடி முழுதும் கரைய வேண்டும். பாதியில் நிறுத்தினால் கட்டி கட்டியாக நின்றுவிடும். கரைந்ததும் சர்க்கரையும், தனியே சூடாக்கிய அரை லிட்டர் பாலும் சேர்த்து, வடிகட்டித் தட்டில் ஊற்றுங்கள். குளிர்ந்த பாலை ஊற்றக் கூடாது. ஊற்றிய இடத்திலேயே உறையத் தொடங்கிவிடும். சூடு 40 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது இது தானாக உறைகிறது என்பதால் குளிர்சாதனப் பெட்டிகூடத் தேவையில்லை. சித்திரை வெயிலில் மட்டும் தட்டை ஓர் அகன்ற பாத்திரத் தண்ணீரில் வைத்தால் விரைவாக உறையும். ஒரு முறை உறைந்துவிட்டால் வெயிலுக்கு இளகாது. ஆனால் பால் சேர்ந்தது என்பதால் அன்றைக்கே தின்றுவிட வேண்டும். பாலுக்குப் பதில் இளநீரோ நன்னாரிச் சர்பத்தோ சேர்க்கலாம். எலுமிச்சை சேர்ப்பதாக இருந்தால் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே பிழிய வேண்டும். புளிப்போடு சேர்த்துக் கொதித்தால் உறையும் தன்மை குறைந்துபோகும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் ஓட்டுமாவு (அரிசி மாவுத் தீனி) வறுத்து டப்பாவில் போட்டுக்கொள்ளலாம். தொதல் செய்யலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அரிசி மாவையும் தேங்காய்ப்பாலையும் கருப்பட்டியையும் மணிக்கணக்காகக் கிண்ட வேண்டும்; அது பெருநாள் வேலை.

சாயல்குடி வாசகர் எழுதுகிறார்:

சகோதரிக்கு வணக்கம். சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டியைப் பழக்குங்கள். இட்லி மாவு மீந்து புளிக்கத் தொடங்கினால், கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி, கொஞ்சம் அரிசி மாவும் தேங்காய்ப்பூவும் சேர்த்துப் பணியாரச் சட்டியில் ஊற்றிவிடலாம். அடுப்பே வேண்டாம் என்றால், பொரிகடலையைத் திரித்து, துருவிய கருப்பட்டியும் தேங்காய்ப்பூவும் சேர்த்து உருண்டை பிடியுங்கள். உங்கள் மகளே செய்துவிடுவாள். தேங்காய் சேர்ந்ததால் அன்றே தின்றுவிட வேண்டும். தை மாதம் முழுவதும் பனங்கிழங்கு கிடைக்கும். மஞ்சளும் உப்பும் போட்டுக் குக்கரில் அவித்து, நாரை உரித்து, மிளகும் தேங்காயும் சேர்த்து இடித்துக் கொடுத்தால் பேக்கரிப் பண்டத்தைப் பிள்ளைகள் தேட மாட்டார்கள்.

உச்சிப்புளி வாசகி:

உங்கள் மூவருக்கும் மனமார்ந்த நன்றி. புளிக்கரைசலை இந்த ஞாயிறே தொடங்குகிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. காலையில் பழைய சோறு கொடுத்தால் வேலை பாதியாகக் குறையும். வெயில் காலத்தில் அது பிள்ளைகளுக்குப் பாதுகாப்பானதா? தடைக்காலத்தில் கருவாட்டை நம்பித்தான் இருப்போம். மாமியாரின் ரத்த அழுத்தத்துக்கு அது ஆகுமா?

தேவிபட்டினம், ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர் எழுதுகிறார்:

மகளே, பழைய சோறு நல்ல உணவு. அதைச் செய்யும் முறையில்தான் பாதுகாப்பு இருக்கிறது. சோறு வெந்தாலும் அழியாத ஒரு வகைக் கிருமியின் வித்துகள் அரிசியில் உண்டு. வடித்த சோற்றை நாள் முழுக்க வெளியே விட்டுவைத்தால் அவை பெருகி வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். மதியம் வடித்து மீந்ததைக் காலைவரை வைக்காதீர்கள். இரவு வடித்ததை, சூடு ஆறியதும் காலம் தாழ்த்தாமல், கொதித்து ஆறிய தண்ணீர் ஊற்றி மண்பானையில் மூடி வையுங்கள். காலையில் இளம் புளிப்பு வாசனை இருக்க வேண்டும். நூலிழுத்தாலோ நாற்றம் எடுத்தாலோ கொட்டிவிடுங்கள். காலையிலேயே சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். தூக்கில் மதியத்துக்குக் கொடுத்தனுப்பக் கூடாது.

பழைய சோறும் வெங்காயமும் மட்டுமே என்றால் வளரும் பிள்ளைகளுக்குப் போதாது. பருப்போ முட்டையோ மீனோ ஒரு வேளையாவது இருந்தாக வேண்டும். ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கும்போது அதை வாங்காமல் விடுவது வீண் இழப்பு. எழுந்தவுடன் பருப்பை ஊறப்போட்டுவிட்டு மற்ற வேலைகளைப் பாருங்கள். அரை மணி நேரம் ஊறிய பருப்பு குக்கரில் விரைவில் மசிந்துவிடும், எரிவாயுவும் மிச்சமாகும். குக்கரைத் திறந்த பிறகு முருங்கைக்கீரையைப் போட்டு மூன்று நிமிடம் கொதித்தால் போதும். நம் ஊரில் முருங்கை இல்லாத கொல்லை எங்கே இருக்கிறது? இறக்கியதும் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள்; கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்க அந்தப் புளிப்பு உதவும். எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண் பிள்ளைக்கு இது மிகவும் அவசியம்.

கருவாட்டில் உப்பு மிக அதிகம். மாமியாருக்கு அதைத் தவிர்ப்பதே நல்லது. எப்போதாவது கேட்டாலும் மருத்துவரின் சொல்லை மீற வேண்டாம். ஊறவைத்துக் கழுவினால் உப்பு ஓரளவு இறங்குமே தவிர முழுதும் போகாது. அவருக்கு முட்டையோ பருப்புக்கீரையோ தனியாக எடுத்து வையுங்கள்.

தங்கச்சிமடம் அக்கா:

தடைக்காலத்தில் நாட்டுப்படகுக்குத் தடை இல்லை என்பதால் கரையில் கொஞ்சம் மீன் கிடைக்கும். ஆனால் விலை ஏறியிருக்கும். எனவே பங்குனிக்கு முன்னரே, மீன் மலிந்திருக்கும்போதே நெத்திலியும் காரலும் வாங்கிக் காயவைத்துவிடுங்கள். மணலில் பரப்பாமல், பழைய வலையைக் கட்டிலின் மேல் விரித்து அதில் உலர்த்துங்கள். மண் ஒட்டாது, அடியிலும் காற்றுப் படும்.

தடைக்காலமும் மாங்காய்க் காலமும் நமக்கு ஒன்றாகவே வருகின்றன. நெத்திலிக் கருவாட்டை வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவிட்டு, தலையைக் கிள்ளி, மூன்று முறை அலசி, அடிக்குழம்பில் கத்தரிக்காயோடு போடுங்கள். மாங்காய்த் துண்டுகள் சேர்க்கும் நாளில் புளிக்கரைசலைப் பாதியாகக் குறையுங்கள். குழம்பு வற்றி இறங்கும் நேரத்தில் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்த பிறகே உப்புப் போடுங்கள், பெரும்பாலும் தேவைப்படாது.