எடுத்த மச்சம் தழும்புக்குள்ளேயே திரும்ப வருகிறது

தோள்பட்டையில் இருந்த மச்சத்தை எடுத்து 4 மாதம் ஆகிறது, இப்போது அதே தழும்புக்குள் மறுபடி கறுப்பு தெரிகிறது. மிளகு அளவுதான் இருந்தது, பை வார் உரசி உரசி இரண்டு முறை ரத்தம் வந்ததால்தான் எடுக்கவே போனேன். மரத்துப்போக ஊசி போட்டு பிளேடால் மேலாகச் சீவி எடுத்தார்கள், தையல் இல்லை. பயாப்ஸியில் சாதாரண மச்சம் என்றுதான் வந்தது.

புண் 2 வாரத்தில் ஆறிவிட்டது. மூன்றாவது மாதம் பேனா முனை வைத்த மாதிரி ஒரு புள்ளி, இப்போது 3 மி.மீ. கோடு, தழும்பைத் தாண்டவில்லை. வலி, அரிப்பு எதுவும் இல்லை. சிலிகான் ஜெல், சன்ஸ்கிரீன் இரண்டும் விடாமல் போட்டும் மாற்றமில்லை. வாரம் ஒரு போட்டோ எடுத்து வைக்கிறேன் (தன் தோளின் பின்பக்கத்தைத் தானே எடுப்பது தனி சர்க்கஸ்).

எடுத்த டாக்டர், சீவும்போது அடியில் தங்கிய செல்கள் இப்படி நிறம் விடும், பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். இன்னொருவர், முழு ஆழத்துக்கு வெட்டித் தையல் போடலாம், ஆனால் பழைய ரிப்போர்ட் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப வந்த மச்சம் மைக்ராஸ்கோப்பில் மெலனோமா (ஒரு வகைத் தோல் புற்றுநோய்) மாதிரியே தெரியக்கூடும் என்கிறார்.

இப்படித் திரும்பி வந்தவர்கள் இரண்டாவது முறை வெட்டி எடுத்தீர்களா, அப்படியே விட்டுவிட்டீர்களா?