புதுப்பிப்பு: ரைசன் 5 5600ஜி கணினி, திரை வராத சிக்கல் தீர்ந்தது

குறைந்த செலவில் விளையாட்டுக் கணினி பூட்டுவதற்குப் பழைய கிராபிக்ஸ் கார்ட் வாங்குவதா, கிராபிக்ஸ் உள்ளிணைந்த ரைசன் 5 5600ஜி புரொசசர் மட்டும் போதுமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். மறுமொழி தந்தவர்களுக்கு நன்றி.

கார்டை விட்டுவிட்டு, 16 ஜிபி ரேமை 8 ஜிபி துண்டுகள் இரண்டாக வாங்கும்படி ஒருவர் சொன்னதே பலித்தது. உள்ளிணைந்த கிராபிக்ஸ் ரேமையே பங்கிட்டுக்கொள்வதால், சோதனைக்காக ஒரு துண்டைக் கழற்றியபோது திக்கித் திக்கி ஓடிய விளையாட்டு, இரண்டும் இருக்கையில் சீராக ஓடுகின்றது.

எதிர்பாராதது வேறு: மலிவாகக் கிடைத்த பி450 மதர்போட்டின் பயோஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) பழையதாக இருந்து, இந்தப் புரொசசரை அடையாளம் காணாமையால், முதல் நாள் விசிறி மட்டும் சுழன்று, திரை கறுப்பாகவே கிடந்தது. திருகோணமலைக் கடையொன்றில் பழைய புரொசசரான ரைசன் 2600 ஒன்றைத் தற்காலிகமாகப் பொருத்திப் பயோஸைப் புதுப்பித்த பின்னரே உயிர் வந்தது. அதன் பிறகும் 2400 வேகத்திலேயே நின்ற ரேம், அதன் முழு வேகத்தைத் திறந்துவிடும் பயோஸ் அமைப்பான எக்ஸ்எம்பியை இயக்கியதும் 3200 ஆயிற்று.