புளூம் என்பதற்கு ‘மாசுவால்’: ஒரு முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

தரைக்கீழ் நீரில் கரைந்த நஞ்சு, தான் கசிந்த இடத்திலிருந்து நீரோட்டத்தின் திசையிலே நீண்டும் விரிந்தும் செல்லும் பகுதியையே ஆங்கிலத்தில் ‘புளூம்’ (plume) என்கின்றனர். அதற்கு உரிய தமிழ்ச் சொல்லாக நம் குழுவில் முன்வைக்கப்பட்ட ‘மாசுப்படலம்’, ‘மாசுத்தாரை’, ‘மாசு இறகு’ ஆகிய மூன்றையும் கிளிநொச்சியில் என்னிடம் படிக்கும் உயர்தர வகுப்பு மாணவரிடையே பயன்படுத்திப் பார்த்த பின்னரே இதை எழுதுகிறேன்.

பாடத்துக்கு நான் எடுத்துக்கொண்டது, அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள லெஜூன் என்னும் மரைன் படைமுகாம். அங்கே நிலத்தடித் தாங்கிகளின் கசிவும், தொழிற்பகுதிச் சிந்தல்களும், கழிவு கொட்டிய இடங்களும் ஹட்னொட் பொயின்ற் பகுதியின் குடிநீர்க் கிணறுகளைக் கெடுத்தன. தராவா ரெரஸ் பகுதிக் கிணறுகளைக் கெடுத்ததோ முகாமுக்கு வெளியே இயங்கிய ஓர் உலர்சலவை நிலையத்தின் கழிவு. உலோகப் பாகங்களில் படிந்த கிறீஸைக் கழுவப் பயன்படும் முக்குளோரோ எதிலீன், 1982 மே மாதத்தில் ஹட்னொட் பொயின்ற் குடிநீரில் லீற்றருக்கு 1,400 மைக்கிரோகிராம் அளவில் காணப்பட்டது. பின்னர் அந்நாட்டில் விதிக்கப்பட்ட உச்சவரம்பு 5 மைக்கிரோகிராம். அதாவது 280 மடங்கு. மிக மோசமாக மாசுற்ற கிணறுகள் 1985 தொடக்கத்தில்தான் மூடப்பட்டன. 1953 ஓகஸ்ட் முதல் 1987 டிசெம்பர் வரையான காலத்தில் அங்கே 30 நாட்களேனும் இருந்தவர்கள் இழப்பீடு கோரி வழக்குத் தொடர 2022 இல் ஒரு சட்டம் இடமளித்தது. அவ்வளவு காலம் குழந்தைகளுக்குப் பால் கரைத்துக் கொடுத்த தண்ணீர் அது என்பதை மறந்துவிட்டு நாம் இந்தச் சொல்லை ஆக்கக் கூடாது.

‘படலம்’ என்பதை நான் ஏற்காததற்குக் காரணம் உண்டு. எங்கள் வீதியோரத்தில் இருந்த ஒரு கராஜில் கழிவு ஒயிலை மண் கிடங்கில் ஊற்றி வந்தார்கள். மாரி தொடங்கி நீர்மட்டம் ஏறியபோது, பக்கத்து வளவுக் கிணற்றில் அள்ளிய வாளித் தண்ணீரில் நீலமும் ஊதாவும் கலந்த மினுக்கம் சுழன்றது. விரலை வைத்தால் பிரிந்து, எடுத்தால் மறுபடி கூடியது. அதுதான் படலம். அது கண்ணுக்குத் தெரிந்ததால் அந்த வீட்டார் குடிப்பதை நிறுத்தினர். முக்குளோரோ எதிலீன் அப்படித் தன்னைக் காட்டிக்கொடுப்பதில்லை. நீரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அடர்த்தியான அது கீழே தாழ்ந்து, அங்கிருந்து சிறிது சிறிதாக நீரில் கரைந்துகொண்டிருக்கும். படலம் என்று சொல்லிக்கொடுத்தால், மினுக்கம் இல்லாத தண்ணீர் நல்ல தண்ணீர் என்று பிள்ளைகள் நம்பிவிடுவார்கள். அந்த நம்பிக்கை ஆபத்தானது.

‘தாரை’ நம் பௌதிகவியல் நூல்களில் விசையுடன் பீறிடுவதற்கு உரிய சொல். தரைக்கீழ் நீரோ ஊர்ந்து செல்வது. ‘இறகு’, புளூம் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு உள்ள மற்றொரு பொருளை அப்படியே எடுத்த வெறும் சொற்பெயர்ப்பு.

நான் முன்மொழிவது ‘மாசுவால்’. இதற்கு வழிகாட்டியவர் ஒரு மாணவி. குளம் நிறைந்தால் அதற்குக் கீழேயுள்ள கிணறுகளில் நீர் ஏறும் என்பது வன்னியில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே, நிலத்துக்கடியில் நீர் மேட்டிலிருந்து பள்ளம் நோக்கி நகர்கிறது என்பதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. நஞ்சு கசிந்த தாங்கியைத் தோண்டி எடுத்த பிறகும், முன்னரே கரைந்துவிட்ட பகுதி நகர்ந்துகொண்டே இருக்கும் என்று கூறியபோது அவர் எழுந்து, “சேர், அப்ப இது பல்லி வால் மாதிரித்தானே? பல்லி ஓடிப்போன பிறகும் வால் கிடந்து துடிக்குமே” என்றார். மூலம் அகன்ற பின்னரும் தொடரும் இயக்கத்தை வேறு எந்தச் சொல்லும் எனக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டவில்லை. ஒரு முனை மூலத்தில் பொருந்தியிருப்பதும், எதிர்முனை ஒரு திசையை நோக்கி நீள்வதும் இச்சொல்லிலேயே அடங்கியுள்ளன.

வால் பின்னால் வருவது, மாசோ முன்னேறிச் செல்வது என்ற மறுப்பு எழலாம். வாய்க்காலின் வால்பகுதி என்கிறோமே. தண்ணீர் கடைசியாகச் சென்று சேரும் இடத்தைத்தானே அது குறிக்கிறது? சொல் கொச்சையாக ஒலிக்கிறது என்பாருக்கு ‘வால்வெள்ளி’ போதிய விடை. துணைச்சொற்களும் இதிலிருந்து எளிதாகக் கிளைக்கின்றன: கசிந்த இடம் ‘வாலடி’, முன்னேறும் எல்லை ‘வால்நுனி’, மூலத்தை அகற்றிய பின் எஞ்சி நகர்வது ‘அறுவால்’.

புகைபோக்கியிலிருந்து காற்றில் பரவும் புகைக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான் வழங்குகிறது. அதற்கும் ‘வால்’ பொருந்துமா, அல்லது ‘புகைத்தடம்’ என்று பிரித்துவிடலாமா என்பதில் எனக்கு இன்னும் தயக்கம் உண்டு. வளிமண்டலவியல் கற்பிக்கும் உறுப்பினர்கள் தம் கருத்தை எழுத வேண்டுகிறேன்.

அன்புடன்,
கிளிநொச்சியிலிருந்து ஓர் ஆசிரியர்